கழற்ற முடியாத லென்ஸ்

குசுமோட்டோ எங்கள் கடைக்கு வந்த முதல் சனிக்கிழமையே ஆள் எந்த ரகம் என்று எடை போட்டுவிட்டேன். ஒஸாகாவில், உமெதா நிலத்தடிக் கடைவீதியில், பழைய கேமரா விற்கும் கவுன்ட்டருக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவள் நான். வாங்க வந்தவர் யார், தொட்டுத் தடவிவிட்டுப் போக வந்தவர் யார் என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லுவேன். இவர் தடவிவிட்டுப் போகிற கூட்டம் என்று முடிவு கட்டினேன். அவர் விஷயத்தில் நான் செய்த முதல் தப்பு அது.

நாற்பது வயது இருக்கும். ஒல்லி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இரண்டு கேமராக்களைக் காட்டச் சொன்னார். ஒன்று மிரர்லெஸ், முழங்கை நீளத்துக்கு ஜூம் லென்ஸ் மாட்டியது. இன்னொன்று சட்டைப் பையில் அடங்கிவிடும் காம்பாக்ட். உருவம்தான் சிறிசு. உள்ளே படத்தைப் பிடிக்கும் சென்சார் அந்தப் பெரியதில் இருப்பதற்குச் சற்றும் குறைந்ததில்லை. ஆனால் லென்ஸ் உடம்போடு ஒட்டியது. கழற்றவும் முடியாது, நீட்டவும் முடியாது. எதிரே இருக்கும் அத்தனையையும் அகலமாக அள்ளிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இரண்டையும் துணி விரித்து வைத்தேன். மூன்று சனிக்கிழமை வந்தார். மூன்று தடவையும் இதே இரண்டுதான். ஒன்றைத் தூக்குவார், வைப்பார், மற்றதைத் தூக்குவார்.

"தூரத்துல இருக்கறது வேணும்னா பெரிசு சார். கண்ணு வச்சுப் பாக்க குட்டி ஜன்னல் இருக்கு, எவ்வளவு வெயில்லயும் தெளிவா தெரியும். சின்னதுல அதெல்லாம் கிடையாது. பின்னால இருக்கற திரையப் பாத்துத்தான் எடுக்கணும். ஆனா எங்க வேணா கொண்டு போகலாம், பாரமே தெரியாது" என்றேன், அன்றைக்கு ஐந்தாவது தடவையாக.

"தூரத்துல நின்னு பாக்கறவங்களுக்கு இது கேமரான்னு தெரியுமா?" என்று சின்னதைக் காட்டிக் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அப்படிக் கேட்கிற ஆண்களைப் பார்த்திருக்கிறேன். ரயில் நிலையப் படிக்கட்டில் பள்ளிக்கூடப் பெண்களுக்குப் பின்னால் நின்று பிடிபடுகிறவர்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அடுத்தவங்களுக்குத் தெரியாம எடுக்கற வேலைக்கு எங்க கடையில கேமரா கிடையாது சார். வேற இடம் பாருங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துத் துணிமேல் வைத்தார். ஆறு வயதுப் பெண் குழந்தை, முன்பற்கள் இரண்டு இல்லாமல் சிரித்தது.

"என் பொண்ணு அக்கா. மினோரி. இப்ப ஒம்பது வயசு. மூணு வருஷமா பாக்கல."

அப்புறம்தான் மெல்ல மெல்லச் சொன்னார். விவாகரத்து. குழந்தை அம்மாவிடம். குடும்ப நீதிமன்றத்தில் எழுதிய தாளில் வருஷத்துக்கு இரண்டு போட்டோ தபாலில் வரும் என்று இருக்கிறதாம்.

"இதுவரைக்கும் ஒண்ணுகூட வரல. கோர்ட்டுல போய்க் கேட்டா பொறுமையா இருங்கங்கறாங்க. பொறுமையாத்தான் இருக்கேன். பள்ளிக்கூட விளையாட்டு நாள் அன்னிக்கு மட்டும் வேலிக்கு வெளிய நின்னு பாத்துக்கலாம்னு எழுதியிருக்கு. உள்ள போகக் கூடாது, கூப்பிடக் கூடாது."

"சரி, பெரிசையே எடுத்துட்டுப் போங்களேன்."

"போன வருஷம் அதான் செஞ்சேன். இரவல் வாங்கிட்டுப் போனேன். இவ்வளவு நீளம் லென்ஸ். ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்க மைதானத்துக்கு வரதுக்குள்ளயே காவலுக்கு நிக்கற மஞ்ச சட்ட போட்ட அம்மாமாரு நாலு பேர் வந்து சுத்தி நின்னுட்டாங்க. அப்புறம் ஒரு வாத்தியார். அப்புறம் போலீஸ். அப்பான்னு சொன்னேன். அப்பான்னா கழுத்துல பள்ளிக்கூடம் குடுத்த அட்டை எங்கன்னாங்க."

"அந்தத் தாளக் காட்ட வேண்டியதுதானே?"

"காட்டினேன். போலீஸ்காரர் படிச்சுப் பாத்துட்டு, உங்க மேல தப்பில்ல, ஆனா எல்லாரும் பயப்படறாங்க, கிளம்பிருங்கன்னார். நல்ல மனுஷன். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார்."

நானும் இரண்டு நிமிஷம் முன்னால் அந்த மஞ்சள் சட்டைக்காரிகளில் ஒருத்தியாகத்தான் இருந்தேன். கணவன் மனைவிக்குள் யார் மேல் தப்பு என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? அவமானத்தில் காது சுட்டது, அதை மறைக்க வேகவேகமாகப் பேச ஆரம்பித்தேன். என் வேலை எனக்கு நன்றாகத் தெரியும் என்று அவரிடம் காட்டிவிட வேண்டும் போல் இருந்தது.

"அப்ப சின்னதுதான் சார். சந்தேகமே வேண்டாம். கையில வச்சிருந்தா போன் வச்சிருக்கற மாதிரிதான் இருக்கும். எட்டலையேன்னு கவலைப்படாதீங்க. சென்சார் பெரிசு. மொத்தமா எடுத்துத் தள்ளுங்க, அப்புறம் வேணுங்கற இடத்த மட்டும் வெட்டிப் பெரிசாக்கிக்கலாம்."

உள்ளே ஷட்டர் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்த முதலாளி ஹட்டா தலையை நீட்டினார். எழுபது வயது, நாக்கில் வஞ்சனை கிடையாது.

"நிஷிவாக்கி, அது காலால எடுக்கற கேமராம்மா. நாலு எட்டு முன்னாடி போனாத்தான் அதுல படம் வரும். நகரக் கூடாதுன்னு கட்டிப் போட்ட ஆளுக்கு அதப் போய் விக்கறியே. வெயில்ல அந்தத் திரையில ஒரு மண்ணும் தெரியாது."

"குனிஞ்சு நிழல் பண்ணிக்கலாம். நீங்க உங்க ஸ்க்ரூவப் பாருங்க."

"நான் பாக்கறேன். நீ உன் வாயப் பாரு."

அதோடு விடவில்லை நான். குசுமோட்டோவை மேலே கூட்டிப்போய், நிலையத்துக்கு எதிரே உள்ள நடைபாலத்தில் நிற்க வைத்து, கீழே தெருவை எடுக்கச் சொன்னேன். கடைக்குத் திரும்பி அந்தப் படத்தைக் கணினியில் போட்டுப் பெரிதாக்கினேன். பஸ் நிறுத்தத்துப் பலகையில் இருந்த பொடி எழுத்து வரைக்கும் தெரிந்தது.

"படிக்க முடியுதே அக்கா!" என்றார். அந்த மூன்று வாரத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சின்னதை வாங்கிக்கொண்டு போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பூராவும் ஹட்டாவை ஜாடையாகக் குத்திக்கொண்டே இருந்தேன்.

விளையாட்டு நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மறுநாள் கடை திறந்ததும் குசுமோட்டோ வந்து நின்றார். கையில் சுடச்சுடப் பன்றிக்கறி பன்கள் ஒரு பெட்டி, எனக்கும் ஹட்டாவுக்கும். முகம் வெயிலில் கறுத்திருந்தது.

"யாரும் கிட்டகூட வரல அக்கா. ஒரு மஞ்ச சட்டையம்மா பக்கத்துல வந்தாங்க, நல்ல வெயில் இல்லையான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க! எல்லாப் பிள்ளையும் ஒரே வெள்ளச் சட்ட, ஒரே சிவப்புத் தொப்பி. எப்படிக் கண்டுபிடிக்கப் போறோம்னு பயமா இருந்துச்சு. ஆனா மூணாம் வகுப்பு ஓட வந்ததும் தெரிஞ்சுருச்சு. ஓடறப்ப இடது கை மட்டும் வெளிய வீசும் அவளுக்கு. நடக்க ஆரம்பிச்சப்ப இருந்தே அப்படித்தான். அந்தக் கையப் பாத்ததும் புடிச்சுட்டேன், அப்புறம் விடவேயில்ல."

"திரை தெரிஞ்சுதா?"

"எங்க தெரிஞ்சுது! கண்ணாடி மாதிரி என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. குத்துமதிப்பா அவ பக்கம் திருப்பி அமுக்கிக்கிட்டே இருந்தேன். முன்னூறுக்கு மேல இருக்கும். வீட்டுல கணினி கிடையாது. போன்ல போட்டுப் பாக்க மனசு வரல. பெரிசா பாக்கணும்னு நேரா இங்க வந்துட்டேன்."

கேமராவின் மெமரி கார்டைக் கணினியில் செருகினேன். அவர் கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். வாடிக்கையாளர் உள்ளே வரக்கூடாது என்பது கடைச் சட்டம். ஹட்டாவே பன்னை மென்றபடி கண்டுகொள்ளாமல் விட்டார்.

அகலமான படம். வேலிக் கம்பி ஓரமாக லேசாகத் தெரிந்தது. மைதானம், கூடாரங்கள், பாய் விரித்து உட்கார்ந்த குடும்பங்கள், ஓட்டப் பாதை. பாதை வேலிப்பக்கம் வளைகிற இடத்தில் ஒரு சிறுமி.

"இவதான்" என்றார்.

பெரிதாக்கினேன். இடது கை வெளியே வீசியிருந்தது. இன்னும் பெரிதாக்கினேன். வாயைத் திறந்துகொண்டு, உயிரைக் கொடுத்து ஓடுகிற முகம்.

"வளந்துட்டா" என்றார். "தாடை மாறிடுச்சு. என்ன உயரம் பாருங்க. இன்னும் பெரிசா, அக்கா."

இன்னும் ஒரு தடவை அழுத்தினேன். சட்டையின் நெஞ்சில் தைத்திருந்த வெள்ளைத் துணிப்பட்டை திரைக்கு வந்தது. வகுப்பும் குடும்பப் பெயரும் தடித்த மையில் எழுதியிருந்தது. தனிமோட்டோ. ஒரு எழுத்துகூடப் பிசிறில்லை. நான் விற்ற கேமரா அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது.

"அம்மா வீட்டுப் பேரா சார்?" என்று கேட்டேன். அப்படி இருந்துவிடட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"அது இகாவா" என்றார்.

ஹட்டா மெல்லுவதை நிறுத்திவிட்டார். என் கை தானாக அடுத்த படத்துக்குப் போனது. தனிமோட்டோ. அதற்கு அடுத்தது. தனிமோட்டோ. அந்த நீள லென்ஸ் கையில் இருந்திருந்தால் ஜன்னலில் கண் வைத்த மறுகணமே நெஞ்சுப் பட்டையைப் படித்து வேறு குழந்தை என்று கண்டுகொண்டிருப்பார். போலீஸ் வருவதற்குள் தன் மகளைத் தேடிப் பிடித்தும் இருக்கலாம். நான்தான் வேண்டாம் என்றேன். நான்தான் பாலத்துக்குக் கூட்டிப் போய் வித்தை காட்டினேன்.

"இருக்கட்டும் அக்கா. கூட்டத்துல எங்கயாவது இருப்பா. அகலமா எடுக்கறதுதானே இது. தேடுங்க" என்றார். குரல் அமைதியாகத்தான் இருந்தது. கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

தேடினேன். அடுத்து ஓடப்போகிற பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு தொப்பியாகப் போனேன். எல்லாத் தலையும் ஓட்டப் பாதையின் பக்கம் திரும்பியிருந்தது. ஒரே ஒரு தலை மட்டும் எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

நான் எதுவும் சொல்வதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை கை வீச்சும் தேவைப்படவில்லை, தாடையும் தேவைப்படவில்லை. பட்டையைப் பெரிதாக்கினேன். எழுத்து கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் இகாவா என்று படிக்க முடிந்தது.

வரிசையில் உட்கார்ந்தபடி அவள் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக அவரை. அடுத்த படத்தில் எழுந்து நின்றிருந்தாள். அதற்கு அடுத்ததில் வலது கையைத் தோள் வரைக்கும் தூக்கியிருந்தாள். முழுசாகத் தூக்கவில்லை. பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்த்துவிடப் போகிறார்கள் என்பது போலப் பாதி.

நாலாவது படத்திலும் கை அப்படியே இருந்தது. ஆனால் கேமரா தனிமோட்டோவின் பின்னால் நகர்ந்திருந்ததால் அவள் படத்தின் ஓரத்துக்குப் போயிருந்தாள். ஐந்தாவதில் அவள் முகம் நம் பக்கம் இல்லை. கேமரா யாரைப் பார்க்கிறதோ அந்தப் பெண்ணை அவளும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை இறங்கியிருந்தது.

ஆறாவதில் பாதி முதுகு. ஏழாவதில் இல்லை.

"என்னப் பாத்திருக்கா" என்றார்.

"ஆமா சார்."

"மறக்கல."

"மறக்கல சார்."

"நான் வேற பிள்ளைய எடுத்துட்டு இருந்ததையும் பாத்திருக்கா."

கடிதம் போட அனுமதி இல்லை. போன் கிடையாது. வாசலில் போய் நின்றால் தாளில் எழுதியிருக்கிற அந்த ஒரு நாளும் பறிபோய்விடும். அடுத்த விளையாட்டு நாளுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அந்த ஒரு வருஷமும் ஒன்பது வயதுக் குழந்தை என்ன நினைத்துக்கொண்டிருக்கும்? அவர் என்னைத் திட்டினால் தேவலை என்று இருந்தது. ஹட்டாவாவது திட்டியிருக்கலாம். அவர் பன்னைப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா" என்றார் குசுமோட்டோ. "மறுபடி கையத் தூக்கியிருக்காளான்னு பாருங்க. ஒரு படத்துலயாவது."

பாக்கி இருநூற்று எழுபது படங்கள் இருந்தன. ஒன்றையும் விடாமல் நாலு மூலையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. அவர் உட்காரவில்லை. கடைசிப் படம் வரைக்கும் எல்லாவற்றிலும் தனிமோட்டோ வீட்டுப் பெண்தான் நடுவில் இருந்தாள், பளிச்சென்று.