கழற்றி வைத்த சேர்வர்

வவுனியா குருமன்காட்டில் இருந்த ஒரு வெளிநாட்டு நிவாரண அமைப்பின் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவள் பிரியந்தினி. முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். தொண்ணூற்றாறில் சண்டையில் ஊர் கலைந்தபோது தாய் அற்புதத்தோடு காட்டு வழியாக வந்து, ஏழு மாதம் முகாமில் கிடந்து, பிறகு நெளுக்குளத்தில் ஓர் அறை எடுத்துக் குடியிருந்தாள். வவுனியாவில் தங்க இருவருக்கும் மாதாமாதம் படையினரின் பாஸ் புதுப்பிக்க வேண்டும். அலுவலகக் கடிதம் இல்லாமல் அவளுக்குப் பாஸ் இல்லை.

அலுவலகத்தில் அறுபத்திரண்டு பேர். காலையில் வந்து பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தால், இவர் இன்னார், இன்ன கோப்பைத் திறக்கலாம் என்று சரிபார்த்து உள்ளே விடுவது ஒரு தலைமைச் சேர்வர். அது படுத்துவிட்டால் சமாளிப்பதற்கு, அதே விபரங்களோடு ஒரு துணைச் சேர்வர். இரண்டும் என்.ரி. நான்கு என்ற பழைய விண்டோசில் ஓடின. முகாம்களில் உள்ள குடும்பங்களின் பட்டியல்கள் வேறொரு கணினியில் இருந்தன. தலைமைச் சேர்வர் ஆளை அடையாளம் காட்டினால்தான் அந்தக் கணினி பட்டியலைத் திறக்க விடும்.

2001 ஓகஸ்டில், எல்லாக் கிளைகளின் சேர்வர்களையும் விண்டோஸ் 2000க்கு மாற்றுவதென்று கொழும்புத் தலைமையகம் முடிவெடுத்தது. வவுனியா வேலைக்குக் கதிர்காமநாதன் என்ற பொறியியலாளரை அனுப்புவதாகவும், சனிக்கிழமை ஒரே நாளில் அவர் முடித்துவிடுவார் என்றும் அறிவித்தது.

வியாழக்கிழமை பிரியந்தினி அவருக்குத் தொலைபேசி எடுத்தாள். வேலை தொடங்குமுன் இன்னொரு கணினியைத் துணைச் சேர்வராக்கி, விபரங்கள் எல்லாம் அதில் ஏறியபின் வயரைக் கழற்றி ஒதுக்கி வைக்க வேண்டும், வேலை பிழைத்தால் அதைக் கொண்டுவந்து கொழுவிப் பழைய நிலைக்குத் திரும்பலாம், வழிகாட்டிப் புத்தகமே அப்படித்தான் சொல்கிறது என்றாள். யூபிஎஸ் பற்றரி செத்துக்கொண்டிருக்கிறது, ஜெனரேற்றர் முழு நாளும் ஓட வேண்டும் என்றாள். பிரதி எடுக்கும் நாடாக் கருவி சித்திரை மாதம் பழுதானதையும், அதற்காக மூன்று கடிதம் போட்டும் கொழும்பிலிருந்து பதில் இல்லாததையும் சொன்னாள்.

அவர் சிரித்தார்.

"நாலு கிளையில செய்தாச்சு, பிரியந்தினி. நீர் வந்து கதவைத் திறந்துவிட்டாப் போதும்."

காது சுட்டது. ரிசீவரை வைத்துவிட்டு நேரே அலுவலகப் பொறுப்பாளர் தில்லைநாதனிடம் போனாள். களஞ்சியத்தில் சும்மா கிடக்கும் ஒரு பழைய கணினியில் தானே அந்தப் பிரதியை எடுத்து வைக்கிறேன் என்றாள். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த கடதாசியிலிருந்து தலை நிமிரவில்லை.

"செய்யுங்கோ பிள்ளை. கொழும்புக்குச் சொல்லிக்கொண்டிருக்காதேங்கோ."

வெள்ளிக்கிழமை செய்து முடித்தாள். வயரைக் கழற்றி, கணினியைத் தில்லைநாதனின் அறையிலிருந்த இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை அவர் கையிலேயே கொடுத்தாள்.

சனிக்கிழமை கதிர்காமநாதன் வந்து சேரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. இரட்டைப்பெரியகுளம் சோதனைச்சாவடியில் இரண்டு மணித்தியாலம் இறக்கி வைத்துவிட்டார்கள். அந்த எரிச்சலோடு வந்து உட்கார்ந்தவர் முதல் வேலையாகத் துணைச் சேர்வரை முழுக்க அழித்துப் புதிதாகப் போடத் தொடங்கினார். தலைமைச் சேர்வர் புதிய விண்டோசில் ஒழுங்காக எழும்புகிறதா என்று பார்த்துவிட்டு இதை அழிக்கலாமே என்று பிரியந்தினி சொன்னாள். அவர் கேட்காதவர்போல விசையைத் தட்டினார்.

பன்னிரண்டு மணிக்குத் தலைமைச் சேர்வரில் கை வைத்தார். வெளியே ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது. தலையிடிக்கிறது, அதை நிற்பாட்டுங்கள் என்றார். அவள் மாட்டேன் என்றதும் தானே எழுந்து போய் நிற்பாட்டிவிட்டு வந்தார். ஒன்று பத்துக்கு மின்சாரம் போனது. யூபிஎஸ் நாலு நிமிடம் கத்திவிட்டு அடங்கியது. ஜெனரேற்றரை ஓடிப்போய்ப் போட்டபோது சேர்வர் எழும்பவில்லை. நீலத் திரையில் வெள்ளை எழுத்துகள்தான் நின்றன.

நாலு மணிவரை என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில், அறுபத்திரண்டு பேரையும் புதிதாகப் பதிய வேண்டும், ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதியைத் திரும்பக் கொடுக்க வேண்டும், ஐந்து நாளாவது ஆகும் என்றார்.

களஞ்சியப் பொறுப்பாளர் நவ்பர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் முல்லைத்தீவுக்காரர். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு புலிகளால் வெளியேற்றப்பட்டு வரிசைகளில் நின்று பழகியவர். திங்கட்கிழமை முகாமில் ஆயிரத்து நூறு குடும்பங்களுக்குப் பால்மா கொடுக்க இருந்தது. பட்டியல் இல்லாமல் ஒரு பைக்கற்றும் வெளியே போகாது.

"திங்கள் காலம்பிற பிள்ளையளோட வந்து நிக்கிற தாய்மாருக்கு ஆர் போய்ச் சொல்றது? நீங்க போய்ச் சொல்லுவீங்களா, சேர்?" என்று கேட்டார்.

கதிர்காமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிரியந்தினி தில்லைநாதனிடம் போய்த் திறப்புக் கேட்டாள். அவர் மேசை லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து வயரைக் கொழுவி, இனி இதுதான் தலைமைச் சேர்வர் என்று கட்டளை கொடுத்தாள். அரை மணித்தியாலத்தில் நவ்பர் தன் பெயரை அடித்து உள்ளே போனார். பட்டியல் திறந்தது. பிரிண்டர் கடதாசியை இழுத்துத் தள்ளத் தொடங்கியது.

"நீ இல்லாட்டி இண்டைக்கு நாங்க நாறியிருப்பம், தங்கச்சி" என்றார் நவ்பர். ஆத்திரத்தில் அவளால் சிரிக்க முடியவில்லை. இதை எப்போது செய்தீர் என்று கதிர்காமநாதன் கேட்டார். சொன்னாள். ஞாயிறு காலை அவர் கொழும்புக்குப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய அறிக்கை பக்ஸ் இயந்திரத்தில் வந்தது. எல்லாக் கிளைகளுக்கும் போயிருந்தது. மின்தடையால் வேலை தடைப்பட்டதாம். ஜெனரேற்றரை நிற்பாட்டியது யார் என்று அதில் இல்லை. நான்காவது பந்தி ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னது: முல்லைத்தீவைச் சேர்ந்த இந்த உத்தியோகத்தர், ஊழியர் அனைவரின் பெயர்களும் கடவுச்சொற்களும் அடங்கிய பிரதியொன்றைத் தலைமையகத்தின் அனுமதியின்றி மறைத்து வைத்திருந்தார். நோக்கம் தெரியவில்லை. பாதுகாப்புத் தரப்புக்கு அறிவிப்பது பற்றி ஆலோசிக்கலாம்.

முல்லைத்தீவு புலிகளின் கையில் இருந்தது; கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவர்கள் அடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இதைவிடச் சின்னக் காரணங்களுக்கு படையினர் நெளுக்குளத்தில் வீடு புகுந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். பிரியந்தினி கடதாசியோடு தில்லைநாதனின் அறைக்குள் போனாள்.

அவரிடமும் ஒரு கடிதம் இருந்தது. இந்தப் பிரதி விடயம் அவருக்குத் தெரியுமா என்று கொழும்பு கேட்டிருந்தது. அவர் பதிலும் அனுப்பிவிட்டிருந்தார்.

"என்னெண்டு எழுதினீங்கள்?"

"தெரியாதெண்டு."

"திறப்பு ஆற்ர லாச்சிக்குள்ள இருந்தது, சேர்?"

மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தந்தால் விடயத்தை அமத்திவிடலாம் என்றார். "என்ர ஊர் மல்லாவி, பிள்ளை. அதுவும் அந்தப் பக்கந்தான். எனக்கும் மாசப் பாஸ்தான். ரண்டு பொம்பிளைப் பிள்ளையளை வைச்சிருக்கிறன்."

"அப்ப அவர் ஏன் முல்லைத்தீவு எண்டு எழுதினவர் எண்டு உங்களுக்கு நல்லா விளங்கும். சேர்வர் பழுதானதுக்கும் நான் பிறந்த இடத்துக்கும் என்ன? நான் மன்னிப்புக் கேக்க மாட்டன். நீங்கள் எழுதினது பொய். அதை நீங்கள்தான் மாத்த வேணும்."

தன் மேசைக்கு வந்து கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தாள். நடந்ததைத்தான் எழுதினேன், அது என் கடமை என்றார் கதிர்காமநாதன்.

"நீங்கள் அழிச்சதை நான் எடுத்துத் தந்தனான். அதுக்கு என்னைப் பிடிச்சுக் குடுக்கப் பாக்கிறீங்கள். நாளைக்கு எங்கட வாசல்ல ஒரு ஜீப் வந்து நிண்டா, எங்கட அம்மா உங்கட பேரைச் சொல்லித்தான் அழுவா. அதையும் அறிக்கையில எழுதுங்கோ."

லைன் சரியில்லை என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அன்று மாலை வீட்டில் தாயிடம் மறைக்காமல் சொன்னாள். அற்புதம் ஒரு சின்னப் பையை எடுத்து, இரண்டு சட்டை, ஒரு துவாய், அடையாள அட்டைப் பிரதி, ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாம் மடித்து வைத்துக் கதவுக்குப் பக்கத்தில் கொழுவினாள். ஆளைக் கொண்டுபோனால் பின்னாலேயே எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு. இதற்குமுன் முகாமில் எத்தனையோ தாய்மார் அப்படிக் கொழுவி வைத்திருந்ததைப் பிரியந்தினி பார்த்திருக்கிறாள். ஒரு மனிதன் தன் பிழையை மறைக்க எழுதிய நாலு வரிக்காகத் தன் தாய் அந்தப் பையைக் கட்டினாள் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

இரண்டு பக்கத்தில் தன் அறிக்கையை எழுதினாள். துணைச் சேர்வர் அழிக்கப்பட்ட நேரம், மின்சாரம் போன நேரம், பழைய கணினியைக் கொழுவிய நேரம் எல்லாம் போட்டாள். வழிகாட்டிப் புத்தகத்தின் பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து இணைத்தாள். நான்காவது பந்தியை எழுத்தில் வாபஸ் வாங்கும்வரை விண்டோஸ் 2000 வேலையில் தான் கை வைக்கப்போவதில்லை, தன்னைப் பற்றிப் பாதுகாப்புத் தரப்புக்கு எதுவும் போகவில்லை என்று கொழும்புப் பணிப்பாளரின் கையெழுத்தோடு ஒரு கடிதமும் வேண்டும் என்று கடைசியில் எழுதி அனுப்பினாள்.

நாலு நாள் பதில் இல்லை. அந்த நாலு நாளும் தெருவில் வாகனம் நின்ற சத்தம் கேட்டால் அற்புதம் எழுந்து வாசலைப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் தில்லைநாதன் அவளுடைய மேசைக்கு வந்து ஒரு கடதாசியை வைத்தார். பிரதி எடுத்து வைப்பது தனக்கு முன்கூட்டியே தெரியும், தானே அனுமதித்தேன், திறப்பும் தன்னிடமே இருந்தது, முதலில் எழுதியது தவறு என்று அதில் இருந்தது.

"அனுப்பிட்டன்" என்றார்.

"இதை அண்டைக்கே எழுதியிருக்கலாம், சேர்."

"ஓம்" என்றார் அவர். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு கொழும்பு அசைந்தது. நான்காவது பந்தி இல்லாமல் அறிக்கை திருத்தி அனுப்பப்பட்டது. இன்னொரு கிழமையில் பணிப்பாளரின் கடிதமும் வந்தது. வருந்துகிறோம் என்ற ஒரு சொல் எங்கும் இல்லை. கடிதத்தைத் தாயிடம் வாசித்துக் காட்டினாள். அற்புதம் பையை அவிழ்த்து உடுப்பை எடுத்து வைத்தாள். சான்றிதழை மட்டும் பையிலேயே விட்டாள்.

செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை பிரியந்தினி அந்த வேலையைத் தனியே செய்தாள். ஜெனரேற்றர் காலையிலிருந்து இரைந்தது. பிரதி எடுத்த கணினி வயர் இல்லாமல் மேசையின் நடுவில், எல்லோரும் பார்க்க இருந்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு இரண்டு சேர்வர்களும் புதிய விண்டோசில் ஓடின. ஒரு பெயரும் தவறவில்லை.

செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து ஒரு பக்ஸ் எல்லாக் கிளைகளுக்கும் வந்தது. வவுனியா மாற்றம் தன்னுடைய நேரடி வழிகாட்டலில் வெற்றிகரமாக முடிந்தது என்று கதிர்காமநாதன் எழுதியிருந்தார்.

அவள் சிவப்புப் பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினாள். கீழே, இந்த வேலையை வவுனியாக் கிளையின் பிரியந்தினி தனியாகச் செய்தார், கதிர்காமநாதன் அன்று தொலைபேசியில்கூட வரவில்லை என்று எழுதினாள். பிறகு பக்ஸில் இலக்கங்களை ஒவ்வொன்றாக அழுத்தி எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

"இதை ஏன் எல்லாருக்கும் அனுப்பினனீர்? எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாமே" என்றார் கதிர்காமநாதன்.

"நீங்கள் என்னைப் பற்றி எழுதினதை எல்லாருக்கும்தானே அனுப்பினீங்கள்" என்று சொல்லி ரிசீவரை வைத்தாள்.

அவளுடைய முகம் இன்னும் சிவந்திருந்தது. வாசலில் நவ்பர், புதிய கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மாற்றிக் கொடுக்க எழுந்து போனாள்.