கடைசி டிவிடிக்கு ஒரு ஜெபம்

டிவிடி டிரைவ் கர்ரென்று ஒரு தடவை இருமியது. முக்கால்வாசி தாண்டியிருந்த பச்சைக் கோடு அப்படியே நின்றது. 'எழுதுவதில் பிழை' என்ற சிவப்புப் பெட்டி திரையில் வந்து உட்கார்ந்தது.

லீதியா திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் மாமாவின் மூச்சு கேட்டது.

"முடிஞ்சிதா?"

"இல்ல மாமா. இதுவும் போச்சு."

"போச்சுன்னா?"

"போச்சுன்னா தோட்டத்துக்குத்தான்."

சேம்புத் தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு கயிறு நிறைய வீணான டிவிடிகள் தொங்கி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. இந்த வாரம் ஒரு பறவைகூட அந்தப் பக்கம் வரவில்லை.

"அத்தனையும் என் முகம்!" என்றார் மாமா. "என் பட்டமேற்பு விழாவைக் காக்காய்க்குப் போட்டுக் காட்டறே!"

மாலேவா மாமா குடும்பத் தலைவராகப் பட்டம் வாங்கிய விழாவைப் பார்க்க சவாயித் தீவே திரண்டு வந்தது. வர முடியாமல் போனது ஆக்லாந்திலிருக்கும் லூசே பெரியம்மாவுக்குத்தான். முழங்கால் வலி, விமானம் ஏற முடியாது. அதற்காகவே தன் வீட்டுக் கம்ப்யூட்டரையும் ஒரு கேமராவையும் கப்பலில் ஏற்றி, "லீதியா, நீ படம் புடிச்சு அனுப்புடி" என்று சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆக்லாந்துச் சொந்தமெல்லாம் அவள் வீட்டில் கூடிப் பார்ப்பதாக ஏற்பாடு. எடுத்துப் போகிறவர் பாஸ்டரம்மா. அவருக்கு இன்று சாயங்காலம் விமானம். அதற்கு முன்னால் படகைப் பிடிக்க வேண்டும், படகுக்கு முன்னால் பஸ்ஸை. பஸ் கிளம்பிவிட்டது என்று பக்கத்து ஊரிலிருந்து போன் வந்தாயிற்று.

"உன்னால முடியலன்னா சொல்லிடு," என்றார் மாமா. "கம்ப்யூட்டர் பொட்டியைப் பக்கத்து ஊர் சேமுகிட்ட கொடுத்துடறேன். விவரமான பையன்னு சொல்றாங்க."

"நம்ம ரேடியோவைச் சரி பண்றேன்னு பிரிச்சு, மிச்ச ஸ்க்ரூவை ஒரு கவர்ல போட்டுக் கொடுத்தானே, அந்த விவரமா?"

"அவனாவது ஏதோ ஒண்ணைத் திருப்பிக் கொடுத்தான். இன்னைக்கு இது போகலன்னா பொட்டி நாளைக்குச் சேமு வீட்டுல. அவ்வளவுதான்."

லீதியா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தக் கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் இந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு மூலை கிடைத்திருந்தது. எபெனேசா அத்தைகூட இப்போதெல்லாம் "அவ வேலையா இருக்கா" என்று பாத்திரம் கழுவக் கூப்பிடுவதில்லை.

அவளும் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டாள். வேகத்தைக் குறைத்தாள். லென்ஸைப் பஞ்சால் துடைத்தாள். வேறு கம்பெனி டிவிடி வாங்கிப் போட்டாள். இன்னும் ஒரே ஒரு டிவிடிதான் பாக்கி.

ஆச்சரியம் என்னவென்றால், நேற்று சாயங்காலம் பஸ் ஓட்டும் யோவானேவுக்குப் பாட்டு சிடி ஒன்று போட்டுக் கொடுத்தாள். அது ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. அதே டிரைவ். பிறகு இது மட்டும் ஏன்?

மாமா மறுபடி நடக்க ஆரம்பித்தார். பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவருடைய நடையே மாறிவிட்டது. முன்பு சமையல்கட்டுக்குள் பூனை மாதிரி நுழைந்து வறுத்த மீனோடு மறைகிறவர், இப்போது ஊரே பார்ப்பது போல ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தார். தம். தம். தம்.

மேஜையில் லீதியாவின் கோகோ கோப்பை இருந்தது. ஒவ்வொரு 'தம்'முக்கும் கோகோவில் ஒரு வளையம் எழுந்தது. அவள் கோப்பையையே பார்த்தாள். தம், வளையம். தம், வளையம். மரக்கட்டை மேல் பலகை அடித்த தரை, தரைமேல் மேஜை, மேஜைமேல் டிரைவ்.

நேற்று பாட்டு சிடி எப்போது ஓடியது? சாயங்காலச் சங்கு ஊதின பிறகு! ஊர் முழுக்க அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிற நேரம். ஒருவரும் அசையக் கூடாது. மாமாவும் அசையவில்லை.

ஆக, கோளாறு டிவிடியில் இல்லை. கோளாறு குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தது.

இதைப் போய்க் குடும்பத் தலைவரிடம் யார் சொல்வது? நேற்று எபெனேசா அத்தை, "கொஞ்சம் உட்காருங்களேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். தலைவனுடைய கடமைகள் என்ன என்று மாமா ஒரு முழுப் பிரசங்கமே செய்தார். அதுவும் நடந்துகொண்டே. அதில் இரண்டு டிவிடி போனது.

தூரத்தில் பஸ்ஸின் பாட்டுச் சத்தம் கேட்டது.

"மாமா," என்றாள் லீதியா மெதுவாக. "எனக்கு ஒண்ணு தோணுது. இவ்வளவு பெரிய காரியத்தை நாம ஆண்டவர்கிட்ட ஒப்படைக்கவே இல்லையே?"

மாமா நின்றார். முகம் மாறியது. சட்டைப் பொத்தானைப் போட்டார்.

"எபெனேசா! பிள்ளைங்களைக் கூப்பிடு. எல்லாரும் வந்து உட்காருங்க!"

பாயில் எல்லோரும் சம்மணம் போட்டார்கள். மாமா தூணில் சாய்ந்து கண்ணை மூடினார். லீதியா கடைசி டிவிடியை உள்ளே தள்ளிப் பொத்தானை அமுக்கிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தாள். தலையைக் குனிந்தாள். ஒரு கண் மட்டும் திரையில்.

"பரலோகத்துல இருக்கிற எங்க பிதாவே..." மாமாவின் குரல் கணீரென்று எழுந்தது. பச்சைக் கோடு நகர்ந்தது.

அப்போது பெட்டியோடு பாஸ்டரம்மா வேகமாக வந்தார். "லீதியா, பஸ் வந்தா..." ஜெபம் நடப்பதைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்து தலை குனிந்தார்.

பஸ் வந்து நின்றது. பாட்டின் அதிர்வில் கோகோ நடுங்கியது, டிரைவ் உறுமியது. லீதியாவுக்கு உயிரே போய்விட்டது. யோவானே ஹாரனில் கையை வைத்தான், வீட்டுக்குள் பார்த்தான், கையை எடுத்தான். பாட்டை நிறுத்தினான். இஞ்சினையும் நிறுத்தினான். பஸ்ஸில் இருந்தவர்களும் தொப்பியைக் கழற்றினார்கள்.

"...அதனால, ஆண்டவரே, ஆமெ..."

கோடு பாதிகூட வரவில்லை.

"பெரியம்மாவோட முழங்கால், மாமா," என்று கிசுகிசுத்தாள் லீதியா.

"...ஆமா ஆண்டவரே, எங்க லூசேவோட முழங்காலை நினைச்சருளும். வலது காலையும், இடது காலையும். அங்க இருக்கிற குளிரைக் கொஞ்சம் குறைச்சருளும். பாஸ்டரம்மாவை ஆசீர்வதியும். அவங்க பெட்டியில எங்க டிவிடிக்கும் கொஞ்சம் இடம் இருக்கட்டும். பஸ் ஓட்டற யோவானேவோட காதைக் காப்பாத்தும், அந்தப் பாட்டுச் சத்தத்துல அது ரொம்ப நாள் தாங்காது..."

பஸ்ஸிலிருந்து பலமாக ஒரு "ஆமென்" வந்தது. அது யோவானேவுடையது அல்ல.

மாமா மூச்சு வாங்கினார். பொருள் தீர்ந்துவிட்டது தெரிந்தது. கோட்டில் இன்னும் விரற்கடை பாக்கி. லீதியா அத்தையைப் பார்த்தாள். அத்தை திரையைப் பார்த்தாள், கோகோவைப் பார்த்தாள், புருஷனின் காலைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பன்னிங்களை விட்டுட்டீங்களே," என்றாள்.

"ஆண்டவரே, எங்க பன்னிகளையும் உம்ம கையில ஒப்படைக்கிறோம்! கறுப்புப் பன்னிக்கு நல்ல புத்தியைக் கொடும். வேலியைத் தாண்டற ஆசையை அதுகிட்டேருந்து எடுத்துப் போடும்..."

டிரைவ் ஒரு சின்னச் சத்தத்தோடு நாக்கை நீட்டியது. மேலே டிவிடி பத்திரமாக, பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"ஆமென்!" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினாள் லீதியா.

பாஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே டிவிடியை வாங்கிப் பைக்குள் வைத்தார். "பட்டப்பகல்ல, வேலை நாள்ல, குடும்பமா இப்படி ஒரு ஜெபம்! நான் ஆக்லாந்துல போய்ச் சொல்றேன் பாருங்க." பஸ் படகைப் பிடிக்கப் பறந்தது. பாட்டு மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா போன் செய்தாள். முதலில் அழுதாள், அப்புறம் திட்டினாள். "என் முழங்கால் விஷயம் ஊருக்கே எப்படித் தெரிஞ்சது? பாஸ்டரம்மா சபையில வெச்சு விசாரிக்கிறாங்க! சரி, படம் தங்கம்டி லீதியா. இங்க வீட்டுக்கு வீடு ஒண்ணு கேக்கறாங்க. எல்லாருக்கும் போட்டு அனுப்பு."

மாமா போனை வாங்கி வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"பொட்டி இங்கயேதான் இருக்கும்," என்று அறிவித்தார். "சேமு வீட்டுல வெச்சா அது வேலை செய்யாது. என் ஜெபம் இல்லாம அது ஓடாது."

"அது சரிதான் மாமா," என்றாள் லீதியா. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் மாமா குளித்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு கட்டு புது டிவிடி.

"எல்லாரும் வாங்க!"

பிள்ளைகள் ஏற்கெனவே கடற்கரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். எபெனேசா அத்தை அடுப்பில் இருந்த சேம்பை இறக்கி வைத்துவிட்டு, பெருமூச்சோடு பாயில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்குக் கோழியிலேருந்து ஆரம்பிங்க," என்றாள். "பன்னி வரைக்கும் வந்தா ஒரு டிவிடிக்குத் தாங்கும்."