எண்பத்தொரு சதவீதம்

என் வீட்டுக்காரர் பஞ்சநதத்துக்குப் பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் அப்புறம்தான். முதலில் போன் பேட்டரி. திரையை இருட்டாக்கி வைத்துக்கொண்டு கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்ப்பார். நான் தங்கச்சியிடம் நாலு வார்த்தை பேசினால் போதும், "சார்ஜ் இறங்குது" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பேட்டரியைக் காப்பது எப்படி என்று அந்தப் போனிலேயே மணிக்கணக்கில் வீடியோ பார்க்கிற மனிதர் அவர்.

குறுவை அறுத்து நெல்லைக் களத்தில் குவித்திருந்தோம். கொள்முதல் நிலையத்தில் மூட்டை இறக்க இடமில்லை. "முறை வந்ததும் போன் பண்றோம், உடனே ஏத்திட்டு வாங்க. போன் கிடைக்கலேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வானமோ தினமும் மிரட்டிக்கொண்டிருந்தது. நனைந்த நெல்லை அங்கே திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. ஊரே சார்ஜ் போட இடம் தேடி அலைய, இவர் மட்டும் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு நடமாடினார்.

"எல்லார் போனும் செத்துடும் பாரு. நம்மளுது நிக்கும்" என்றார்.

மறுநாள் மத்தியானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. களத்தில் நின்றவரிடம் ஓடினேன்.

"ஏங்க, போன் ஏதும் வந்துச்சா?"

"வந்தா அடிக்காதா? சும்மா எடுத்து எடுத்துப் பாத்தா சார்ஜ்தான் போகும்."

சற்று நேரத்தில் பக்கத்து வயல்காரன் பரிதி காலி டிராக்டரோடு திரும்பி வந்தான். எங்களைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினான்.

"அக்கா, காலையில உங்க முறைதான். மாமா நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தாங்க, போகலை. அப்புறம் என்னைக் கூப்பிட்டு எங்க நெல்லைப் போட்டுக்கிட்டாங்க."

நான் அவர் பையிலிருந்து போனைப் பிடுங்கினேன். திரையின் மூலையில் ஒரு குட்டி விமானம் இருந்தது. பக்கத்தில் எண்பத்தொரு சதவீதம்.

"அந்த ஏரோப்ளேன் மோடு நெட்டை மட்டும்தான் நிறுத்தும்னு நெனச்சேன்" என்றார். "அந்த போன் வர்றதுக்குத்தானே செந்தாமரை, சார்ஜைக் காப்பாத்தி வச்சேன்."

நாற்று பறித்த கை, களை எடுத்த இடுப்பு எல்லாம் என்னுடையது. அத்தனையையும் விரலால் ஒரு தட்டுத் தட்டிக் கெடுத்துவிட்டு, நல்லதுக்குத்தான் செய்தேன் என்று நிற்கிறார்.

மழை வந்துவிட்டது. தார்ப்பாயை இழுத்துப் போட்டோம். மேலே நனையவில்லை, களத்தில் ஓடிய தண்ணீர் அடிவழியாகப் புகுந்துவிட்டது. மழை விட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. அப்படியே விட்டால் காலைக்குள் புழுங்கி, முளை கட்டிவிடும்.

போனில் டார்ச்சைப் போட்டு அவர் கையில் திணித்தேன். "பிடிங்க" என்றேன். ஈர நெல்லை முறத்தால் அள்ளி அள்ளிப் பிரித்துக் கொட்டினேன். ஒரு கையால் அவரும் அள்ளினார்.

வெகுநேரம் கழித்து, பழக்கதோஷத்தில், "சார்ஜ் இறங்குது" என்றார்.

"இறங்கட்டும்."

குவியலின் அடியில் கையை விட்டுப் பார்த்தேன். நெல் அதற்குள் சுடத் தொடங்கியிருந்தது.