நடை வேகம்

நான்கு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆறு அடி வைத்தார்கள். ஏழாவது அடிக்கு முன்பே முற்றத்துக் குழாயடியில் இறக்கிவிட்டார்கள். இது மூன்றாவது முறை. பெரியப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். அவருடைய மாப்பிள்ளை சிவந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டே பக்கத்தில் நின்றவரிடம் என்னவோ முணுமுணுத்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டு, துக்க வீடு என்பது நினைவுக்கு வந்தவர்களாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அதை மகள் பார்த்துவிட்டாள்.

பெட்டிக்குள் இருந்தவர் அவளுடைய அப்பா. நேற்று மாலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனவர். எடை நூற்று நாற்பது கிலோ. ஆஸ்பத்திரி எந்திரம் அதற்கு மேல் காட்டாது என்பதால் நூற்று நாற்பது. வீடு பள்ளத்தில் இருந்தது. அவரை ஏற்றிப்போக வந்த அமரர் ஊர்தி மேலே ரோட்டில் நின்றது. நடுவில் இருநூறு அடிக்கு ஒரு சந்து, ஒரே மேடு, பாதியில் ஒரு வளைவு. நான்கு பேருக்கு மேல் தோள் கொடுக்க அதில் அகலம் கிடையாது.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதம்மா," என்றார் பெரியப்பா. "மேல சாக்கடை தோண்டிட்டிருக்காங்கல்ல, அந்த மண் அள்ளுற வண்டி. சின்ன வண்டிதான், சந்துக்குள்ள வரும். வாளியில வச்சா ஒரே தூக்கு. டிரைவர்கிட்ட பேசிட்டேன்."

அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. காலையிலிருந்து அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

"வாளி வேண்டாம்."

"வேற வழி இருந்தா சொல்லும்மா. நாலு மணிக்குள்ள அடக்கம் பண்ணணும். அதுக்கு மேல மயானத்துல ஆபீஸப் பூட்டிருவாங்க."

மகளுக்கு அந்த வாளி கண்ணுக்குள்ளேயே நின்றது. அதன் பற்களில் சாக்கடை மண் காய்ந்திருக்கும். அதில் அப்பா அந்தரத்தில் எழும்புவார். சந்தில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு கை போனைத் தூக்கிப் பிடிக்கும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பார்த்துச் சிரித்து முடித்துவிடும்.

நாற்பது வருஷம் அப்பா மின்சார ஆபீஸில் புகார் போன் எடுத்தவர். கரண்ட் போனால் ஊரே அவரைத்தான் திட்டும். எவ்வளவு திட்டினாலும் "பத்து நிமிஷத்துல வந்துரும்" என்பார். அந்தக் குரலைக் கேட்டவர்கள் ஒல்லியான, துறுதுறுவென்ற ஆள் என்றே நினைத்திருப்பார்கள். நேரில் பார்த்தவர்கள் வைத்த பெயர் குடோன். அந்தப் பெயரை முதலில் சொல்லிச் சிரிக்கிறவரும் அவரேதான். அடுத்தவன் சிரிப்பதற்குள் முந்திக்கொள்வார். இன்றைக்கு முந்திக்கொள்ள அவர் இல்லை. அழுகை அப்புறம் வரட்டும். இன்றைக்கு ஒருத்தரும் அவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அதுதான் முதலில்.

"வாளியும் வேண்டாம், டிரைவரும் வேண்டாம்," என்றாள். "நான் ஏத்திட்டுப் போறேன்."

"எதுல?"

"என் வண்டில."

அவள் தண்ணீர் கேன் போடுகிறவள். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு சக்கரத்தில் ஒரு தட்டு வண்டியை மாட்டி, ஒரே நடையில் இருபது கேன் இழுப்பாள். ஆனால் அதெல்லாம் சமதளத்தில். இந்த மேட்டில் வெறும் தட்டு வண்டியே ஏறாது. ஒன்றாவது கியரில் வண்டி ஓடப் பார்க்குமே தவிர நடக்கப் பார்க்காது. மெதுவாக விட்டால் அணைந்துபோகும், கிளட்ச்சைப் பாதி பிடித்தால் புகை கிளம்பும். அதனால் தட்டு வண்டி என்றைக்கும் மேலே ரோட்டோரமாகத்தான் நிற்கும்.

"அந்த வண்டி ஏறாதுன்னு நீயே சொல்லுவியே," என்றார் பெரியப்பா.

"இப்ப ஏறாது. ஏற வைக்கிறேன்."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தாள். இரண்டு மாதமாகப் பிரிக்காமல் கிடந்தது. லீவு நாளில் மலைப் பாதையில் ஓட்டுவதற்காக அவள் ஆசைப்பட்டு வாங்கிய ஸ்ப்ராக்கெட் ஜோடி, செயின் மாட்டுகிற பல் சக்கரங்கள். வண்டியில் இருந்த முன் பல் சக்கரத்துக்குப் பதினைந்து பல், இதற்குப் பதிமூன்று. பின் பல் சக்கரத்துக்கு நாற்பத்திரண்டு, இதற்கு நாற்பத்தெட்டு. மாற்றினால் வேகம் போய்விடும், இழுவை வரும். வாங்கி வந்த அன்று அப்பாவுக்கு விளக்கிச் சொன்னாள். "மெதுவாப் போறதுக்கு ஒரு பெட்டி சாமானா? எங்கிட்ட கேட்டிருந்தா சும்மாவே சொல்லித் தந்திருப்பேனே" என்றார் அவர். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

முன் ஸ்ப்ராக்கெட்டின் நட்டு அசையவில்லை. ஸ்பேனரில் மூன்றடிக் குழாயைச் சொருகி அழுத்தினாள். பின் சக்கரம் சேர்ந்து சுற்றியதே ஒழிய நட்டு இளகவில்லை. யாராவது பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தாள். நின்றிருந்த ஆண்கள் எல்லோருக்கும் திடீரென்று வேறு பக்கம் பார்க்க வேலை இருந்தது.

அம்மா அறையிலிருந்து வந்தாள். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, வெறுங்காலைப் பிரேக்கின் மேல் வைத்தாள்.

"நீ எழுந்து வரலாமா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"வந்துட்டேன்," என்றாள் அம்மா. மகளைப் பார்த்து, "எவ்வளவு அழுத்தணும்?"

"இருக்கற கோவத்த எல்லாம் வச்சு அழுத்தும்மா."

நட்டு டக்கென்று இளகியது.

முக்கால் மணி நேரத்தில் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஏறிவிட்டன. செயினைச் சுற்றி இழுத்துச் சேர்க்கப் போனபோதுதான் தெரிந்தது, இரண்டு முனையும் சேரவில்லை. இரண்டு கண்ணி குறைந்தது. பின்னால் பெரிய பல் சக்கரம் போட்டால் செயின் நீளம் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. வாங்கும்போது தோன்றவில்லை. சக்கரத்தை முன்னால் தள்ளிப் பார்த்தாள். தள்ள இடமே இல்லை. கை முழுக்கக் கிரீஸ். நெற்றியைத் துடைக்கவும் வழியில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"போதும்மா," என்றார் பெரியப்பா. குரலில் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் அவளை இன்னும் சுட்டது. "உன் பாசம் எல்லாருக்கும் தெரியும். அந்த டிரைவர வரச் சொல்லிரவா?"

அவள் வாசலைப் பார்த்தாள். கேட்டைப் பூட்டுகிற சங்கிலி அவளுடைய வண்டியின் பழைய செயின்தான். போய் அவிழ்த்தாள். துரு குறைந்த இடமாகப் பார்த்து இரண்டு கண்ணியைத் தட்டிக் கழற்றி, மண்ணெண்ணெயில் போட்டு, மடங்குகிறதா என்று விரலில் வளைத்து வளைத்துப் பார்த்தாள். பழைய செயினின் இணைப்புக் கிளிப்பையும் எடுத்துக்கொண்டாள்.

"கேட்டுச் சங்கிலிய நம்பியா என் தம்பிய ஏத்தப் போற?"

"அறுந்தா என்னப் பேசுங்க, பெரியப்பா. அறுந்து போறதுக்கு முன்னாடியே பேசாதீங்க."

"நடுச்சந்துல அறுந்தா பெட்டி பின்னால உருண்டு வருமே. அத யோசிச்சியா?"

யோசித்திருந்தாள். நட்டை இறுக்கும் வரை அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். தட்டு வண்டியைக் கீழே இறக்கி வந்து மாட்டிவிட்டு, பெரியப்பாவையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெரியப்பா, உங்க எடை என்ன?"

"எனக்கா? எழுபது இருக்கும். எதுக்கு?"

"அத்தான், நீங்க?"

"எண்பது," என்றார் மாப்பிள்ளை.

"ரெண்டு பேரும் ஏறுங்க. எங்கப்பாவுக்குச் சரியா இருக்கும்."

யாரும் அசையவில்லை. "துக்க வீட்டுல என்னம்மா விளையாட்டு," என்றார் மாப்பிள்ளை.

"விளையாட்டுன்னா சிரிச்சிருப்பீங்களே அத்தான். காலையில சிரிச்சீங்களே, அந்த மாதிரி."

மாப்பிள்ளையின் முகம் செத்துப்போனது. பெரியப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டில் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளையும் ஏறினார்.

அவள் ஒன்றாவது கியரில் போட்டு கிளட்ச்சை முழுக்க விட்டாள். வண்டி உறுமியது, துள்ளவில்லை. ஒரு ஆள் நடக்கிற வேகத்தில், அதையும் அவசரமில்லாமல், மேடேறத் தொடங்கியது. சந்தில் ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். கல்யாண வயதில் பெண் வைத்திருக்கிற மாப்பிள்ளை, மாமனாரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாமான் மாதிரி போவதை எல்லோரும் பார்த்தார்கள். நாலைந்து பேர் சிரிக்கவும் செய்தார்கள். வளைவில் செயின் ஒரு தடவை கடகடத்தது. அவள் உயிர் போய் வந்தது. செயின் பிடித்துக்கொண்டது.

ரோட்டில் திருப்பிக் கீழே வந்ததும் மாப்பிள்ளை இறங்கி, யாரும் சொல்லாமலே மூன்று தண்ணீர்க் குழாய்த் துண்டுகளை எடுத்துவந்து பெட்டிக்கு அடியில் வரிசையாக வைத்தார். தட்டின் பின்பக்கத்தைத் தரையோடு சாய்த்துப் பிடித்தார்கள். தள்ளியதும் பெட்டி குழாய்களின் மேல் உருண்டு, தூக்குவார் இல்லாமல், தானாகவே போய் உட்கார்ந்தது.

"இறுக்கிக் கட்டியாச்சு," என்றார் மாப்பிள்ளை. அவளைப் பார்க்காமல், "நான் பின்னால கல்லு எடுத்துட்டு வரேன். நின்னா சக்கரத்துக்குக் குடுக்கலாம்."

"சரி அத்தான்."

அம்மா பெட்டியின் மேல் கை வைத்தபடி பக்கத்தில் நடந்தாள். சந்து அதே சந்துதான், வாசல்களில் அதே ஆட்கள்தான். ஒருத்தரும் போனை எடுக்கவில்லை. இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். வளைவில் செயின் மறுபடியும் கடகடத்தது. மாப்பிள்ளை கல்லோடு குனிந்தார், ஆனால் தேவைப்படவில்லை. வண்டி மேட்டை முடித்து ரோட்டுக்கு ஏறியபோது பெரியப்பாவுக்கு வாய்விட்டு அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து எல்லாருக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்ததில் அவருக்கு அழ நேரமே கிடைத்திருக்கவில்லை.

அமரர் ஊர்தியின் பின்கதவு திறந்திருந்தது. தரையிலிருந்து மார்பளவு உயரம். அதன் உதவியாளர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதத் தூக்க எட்டு பேராவது வேணுமே," என்றார். சிரிப்பை அடக்கியதில் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "உள்ள ஒருத்தர்தானா?"

அவள் எஞ்சினை அணைக்கவில்லை. கிளட்ச்சிலிருந்து கையையும் எடுக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மா அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மயானம் எவ்வளவு தூரம்?" என்றாள் அம்மா.

"மூணு கிலோமீட்டர்," என்றாள் மகள்.

"போ. இறக்கறது அங்க இருக்கறவங்களுக்கு வேலை. அவங்க பாத்துக்குவாங்க."

"ஏம்மா, மெயின் ரோடும்மா," என்று பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். "பஸ்ஸும் லாரியும் வர ரோடு."

"வரட்டும் பெரியப்பா. நீங்க அம்மா பக்கத்துல வாங்க." உதவியாளரிடம் திரும்பி, "நீங்க பின்னால வாங்கண்ணே. கதவ மூடிக்குங்க," என்றாள்.

ரோட்டின் நடுவில் எடுத்தாள். ஓரத்தில் குழியும் கல்லும், பெட்டி குலுங்கும். முதல் ஹாரன் நூறு அடிக்குள் கேட்டது. பிறகு ஒரு லாரி நீளமாக அடித்தது. கண்ணாடியில் பார்த்தாள். காலியான அமரர் ஊர்தி, அதன் பின்னால் லாரி, அதன் பின்னால் கண்ணுக்கு எட்டியவரை வண்டிகள்.

"ஏறி உக்காந்துக்கறியாம்மா?"

"நடக்கறேன்."

சமதளம் வந்ததும் எஞ்சின் இரண்டாவது கியர் கேட்டு இரைந்தது. போட்டால் சத்தம் அடங்கும், பின்னால் இருக்கிறவர்களுக்கும் வழி கிடைக்கும். ஆனால் அம்மா ஓட வேண்டியிருக்கும். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவள் கியர் லீவரிலிருந்து காலை எடுத்து, கால் வைக்கும் கம்பியில் ஊன்றி வைத்துக்கொண்டாள்.