வெளியாள் பென்டிரைவ்

அருப்புக்கோட்டையில் பிரவீணா நடத்தும் ஆன்லைன் சென்டரில் ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி ஓடியது. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். பொம்மைக் கணினி என்று வைத்துக்கொள்ளுங்கள். வைரஸைக் கண்டுபிடிக்கும் மென்பொருளும் அதில்தான். வைரஸ் வந்தால் அதற்குள்ளேயே அடங்கிவிடும். அதை அழித்துவிட்டுப் புதிதாகத் திறந்துகொள்ளலாம், பெரிய கணினிக்குச் சேதமில்லை. போன வருஷம் ஒரு வைரஸ் கடையையே முடக்கிப்போட்டது. சூடு கண்ட பூனையாக, அவளே கற்று அமைத்தது இது. கெட்டிக்காரிதான்.

ஆனால் சொந்தக்காரர் பென்டிரைவ் மட்டும் நேரே பெரிய கணினிக்குப் போகும். "உங்களை நம்பவில்லை" என்று மாமனிடம் எந்த மருமகள் சொல்வாள்?

அருஞ்சுனை பரளச்சிக்கு அந்தப் பக்கத்துப் பெண். நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். சான்றிதழ்களைப் போன வாரம் இங்கேதான் ஸ்கேன் செய்து, இங்கேயே வாங்கிய புது பென்டிரைவில் ஏற்றிப் போயிருந்தாள். பிரவீணா அதைப் பொம்மைக் கணினியில் திறந்தாள். சற்றுமுன், அடிக்கடி கடைக்கு வரும் சுந்தரபாண்டி மாமாவின் பென்டிரைவ் நேரே பெரிய கணினிக்குப் போனதை அருஞ்சுனை பார்த்திருந்தாள்.

"அவுகளுது அங்க, என்னுது மட்டும் ஏங்க்கா தனியா?"

"வெளியாளுக கொண்டாறதுல வைரஸ் இருக்கும்மா. பாதுகாப்புக்குத்தான்."

"எங்கப்பாவுக்கு டீக்கடையில தனி கிளாஸ் வச்சப்பவும் சுத்தத்துக்குன்னுதான் சொன்னாகளாம்."

பிரவீணாவுக்குச் சுருக்கென்றது, கோபமும் வந்தது. அதற்குள் திரையில் எச்சரிக்கை. பென்டிரைவில் வைரஸ்.

"பாத்தியா! இத வேற எங்க சொருவுன?"

"எங்கயும் இல்ல. இங்க வாங்குனது, இங்க ஏத்துனது. எங்க வீட்டுல கம்ப்யூட்டர் ஏது?"

ஏற்றிக் கொடுத்தது பெரிய கணினியிலிருந்துதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவின் பென்டிரைவை பிரவீணா உருவிப் பொம்மைக் கணினியில் போட்டாள். அதே வைரஸ்.

"என்ன தாயி, என்னையவுமா அங்ஙன போடுற?" மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"இனிமே எல்லாருக்கும் அங்ஙனதான் மாமா."

அருஞ்சுனை கையோடு கொண்டுவந்திருந்த அசல் சான்றிதழ்களைத் தன் செல்போனில் படமெடுத்து, அதிலிருந்தே விண்ணப்பத்தை அனுப்பி முடித்தாள் பிரவீணா. அவமானம் தாங்கவில்லை. பிரிக்காத பென்டிரைவ் ஒன்றை எடுத்து, காசு வேண்டாம் என்று நீட்டினாள்.

அருஞ்சுனை கை நீட்டவில்லை. "வேணாங்க்கா. எங்க வீட்டுக்குள்ள எதக் கொண்டுபோறதுன்னு நானும் பாக்கணும்ல?"