செல்லோவில் அக்காவின் குரல்

விளக்குகள் அணைந்ததும் அரங்கின் ஒலிபெருக்கியில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவின் குரலே வந்தது. “டேய், அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. எப்படா வருவே?” மேடையில் தனியாக உட்கார்ந்திருந்த பெண் அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே பெரிய வயலின் போன்ற செல்லோவில் வாசித்தாள். ‘எப்படா’வில் குரல் மேலே போய் உடைந்த இடத்தில் வில்லும் கீச்சிட்டது. மருந்துக்கடை வேலை முடிந்து முகம்கூடக் கழுவாமல் ஓடிவந்திருந்த அக்காவுக்கு உடம்பு கூசியது.

இசையமைத்தவன் அவள் தம்பி. “பேச்சுக்குள்ள இருக்கிற பாட்டை எழுதியிருக்கேன்க்கா, நீ கட்டாயம் வரணும்” என்றுதான் கூப்பிட்டிருந்தான். யாருடைய பேச்சு என்று சொல்லவில்லை. போன வருடம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் போனை எடுக்காததால் அவள் போனில் பேசிப் பேசிப் பதிந்து அனுப்பியவை இவை. கெஞ்சியது, திட்டியது, “கண்ணத் தொறந்தா உன்னத்தான்டா கேக்கறாரு” என்றது, எல்லாம் வந்தன. ஒரே ஒரு ‘வாடா’ திரும்பத் திரும்ப ஒலித்துத் தேய்ந்து, சொல் போய் ராகம் மட்டும் மிஞ்சியது. பின்னால் யாரோ “ஆஹா” என்றார்கள்.

அப்பா போய், எல்லாம் முடிந்த பிறகுதான் அன்று அவன் வந்து சேர்ந்தான். “போன் ரிப்பேர்க்கா, எனக்கு ஒண்ணுமே வரல” என்று அழுதவனைக் கட்டிப்பிடித்துத் தேற்றியது அவள்தான். வராததைக் குறை சொன்ன சொந்தக்காரர்களோடு அவனுக்காகச் சண்டை போட்டதும் அவள்தான்.

கைதட்டல் ஓய்ந்து வெளியே வந்ததும் தம்பி கைகாட்டியதும் ஒரு பெரியவர் அவளிடம் வந்து, “உங்க கோபத்துல என்ன ஒரு சுருதிம்மா!” என்றார். அவள் தம்பியைக் கூட்டத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்துப்போய் மாடிப்படியருகே நிறுத்தினாள்.

“இதையெல்லாம் எப்படா கேட்ட?”

அவன் தரையைப் பார்த்தான். “நீ அனுப்ப அனுப்பக் கேட்டேன்க்கா. பயமா இருந்துச்சு. அவர அந்த நெலமையில பாக்க முடியாதுன்னு... கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

“கேட்டுக்கிட்டே இருந்தியா? அங்க மனுஷன் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாருடா! நான் கதறினது உனக்குக் கச்சேரியா? யாரக் கேட்டு எடுத்த? அவரோட சாவு என்ன, உனக்கு...”

பாதியில் அவள் கண் அவன் கையில் விழுந்தது. தொடையின் மேல் அவன் விரல்கள் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன, அவள் குரல் ஏறும்போது ஏறி, நிற்கும்போது நின்று. அது அவனுக்கே தெரியவில்லை.

அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.

“சொல்லுக்கா” என்றான் அவன். அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தலை சற்றுச் சாய்ந்தது. ஒரு விரல் மட்டும் தூக்கியபடி, அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தது.