தகடு துடைக்கும் நேரம்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வீட்டு மீட்டர் ரெட்டிப்பாக ஓடட்டும். சத்தமாகவே சொல்கிறேன், பக்கத்து வீட்டுக்காரரும் கேட்கட்டும்: அத்தனையும் நடந்தது.

தாராபுரத்துக்குக் கிழக்கே வெள்ளைக்கரடு என்று ஓர் ஊர். அந்தப் பக்கமெல்லாம் சோலார் பேட்டரியில் வெயில் ஏறும்போது, அந்த நேரத்தில் வீட்டில் பேசுகிற பேச்சும் சேர்ந்தே ஏறும். கரண்ட் போய் பேட்டரி ஓடத் தொடங்கினால், எது ஓடுகிறதோ அதன் வழியாகப் பேச்சு வெளியே வரும். ஃபேனில் நிதானமாக வரும், மிக்சியில் அவசரமாக வரும். கணக்கு வாத்தியார் வீட்டு கிரைண்டர் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே மாவாட்டும். மாடியில் சோலார் தகடு மட்டும் இருந்து பேட்டரி இல்லாத வீடென்றால், மிச்சக் கரண்டோடு பேச்சும் தெருக் கம்பியில் போய்விடும். எங்கேயாவது ஒரு வீட்டில் இறங்கும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் சென்னியப்பனும் கவலைப்படாமல்தான் இருந்தார், அவர் மனைவி மயிலாத்தாள் பேட்டரி கேட்கும் வரைக்கும்.

"தகடு போட்டு ரெண்டு வருசமாச்சுங்க. கரண்ட் போனா அதுவுமில்ல சேர்ந்து படுத்துக்குது. தெனமும் ஆறரைக்கு விசிறிமட்டைய ஆட்டியே தோள்பட்டை எறங்கிப்போச்சு."

அவள் சொன்னது நியாயம். வேண்டாமென்பதற்கு அவரிடமும் ஒரு நியாயம் இருந்தது, ஆனால் வெளியே சொல்ல முடியாது. பதினொரு வருடத்துக்கு முன்னால், காங்கயத்தில் அவர் தம்பி நாச்சிமுத்து புது வீட்டுக்குக் குடிபோன அன்று, தம்பி பெண்டாட்டி தெய்வானை மயிலாத்தாளை முதல் பந்தியில் உட்கார விடாமல், "அடுத்த பந்திக்கு வாங்கக்கா" என்று நிறுத்திவிட்டாள். மூத்த மருமகளை. சாப்பிடாமல் திரும்பிய மயிலாத்தாள், இனி அந்த வீட்டோடு பேச்சு கிடையாது என்றாள். சென்னியப்பன் தலையாட்டினார். தலையாட்டியதோடு சரி. தினமும் மத்தியானம், தகடு துடைக்கிறேன் என்று ஈரத்துணியோடு மாடியேறி, அரை மணி நேரம் தம்பியிடம் போனில் பேசுவார். அந்த வட்டாரத்திலேயே அவ்வளவு பளபளப்பான தகடு வேறு கிடையாது. பேட்டரி வந்துவிட்டால் அந்த அரை மணி நேரமும் ஆறரைக்கு ஃபேன் வழியாக இறங்கும்.

"கனமான சாமானை தென்மேற்கு மூலைலதான் வெக்கோணும். அங்க அரிசி மூட்டை இருக்குது" என்று சொல்லிப் பார்த்தார்.

"மூட்டைய நகத்திக்கலாங்க."

மூட்டை நகர்ந்தது. பேட்டரிக் கடை கதிர்வேல் சாமானை இறக்கி வைத்தான். "ஒரு வாரம் சும்மா ஓட்டிப் பாருங்க. புடிச்சா வெச்சுக்கலாம், இல்லீனா தூக்கிக்கறேன். பகல்ல யாரு யாரு பேசுவீங்க?"

"நாந்தானுங்க. இவரு மேல தகடு தொடைப்பாரு."

"தொடைக்கறப்ப பேசுவீங்களாங்க?"

"துணிகிட்டயா பேசுவாங்க?" என்றார் சென்னியப்பன்.

கதிர்வேல் படிவத்தில் 'ஒரு வாய்' என்று எழுதிக்கொண்டு போனான்.

மூன்று நாள் சென்னியப்பன் போனைத் தொடவில்லை. சாயங்காலம் ஃபேன், பூனையை விரட்டியது, பால்காரரிடம் தண்ணீர் ஜாஸ்தி என்றது, குக்கர் விசிலை எண்ணியது.

"நான் இத்தனையா பேசறனுங்க?" என்றாள் மயிலாத்தாள்.

"இன்னிக்குக் கம்மிதான்."

நான்காம் நாள் மேகம். வெயில் போதாமல் பேட்டரி தெருக் கம்பியிலிருந்து குடித்தது. ஆறரைக்குக் கரண்ட் போனது. ஃபேன் சுற்றி, நாச்சிமுத்துவின் குரலில் பேசியது.

"மூணு நாளா அண்ணன் போனே பண்றதில்ல தெய்வானை. தகடு தொடைக்கறதில்லையாட்ட இருக்குது."

சென்னியப்பனுக்குக் காற்றுக்கு நடுவிலேயே வியர்த்தது. மயிலாத்தாள் எழுந்துபோய் ரெகுலேட்டரை ஐந்திலிருந்து ஒன்றுக்குத் திருப்பினாள். பேச்சு தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக விழுந்தது.

"அக்காளுக்குத் தெரிஞ்சுபோச்சாட்ட இருக்குது" என்றது தெய்வானையின் குரல். "அன்னிக்கே நான் வாயைத் தெறந்து சொல்லியிருக்கோணும். முதல் பந்தியில நெய் தீந்துபோச்சு. நெய்யில்லாத எலையில அக்காளை..."

கரண்ட் வந்துவிட்டது.

"மெயினை எறக்குங்க" என்றாள் மயிலாத்தாள்.

இறக்கினார். ஃபேன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. "...உக்கார வெக்க மனசு வல்லீங்க. கடைக்கு ஆளை அனுப்பீருந்தேன். அவன் வாரதுக்குள்ள கெளம்பீட்டாங்க."

பிறகு வெறும் காற்று வந்தது.

"எத்தனை நாளாப் பேசறீங்க?"

"தகடு போட்டதுல இருந்து."

"அதுக்கு முந்தி?"

"தண்ணித்தொட்டி கழுவுனேன்."

மயிலாத்தாள் இரண்டு நாள் யோசித்தாள். பேட்டரி இங்கே இருந்தால் அவள் சொல்லும் பதில் இந்த வீட்டுக்குள்ளேயே சுற்றும். போய்விட்டால் பதில் கம்பியேறும், ஆனால் காங்கயத்து வீட்டிலும் தகடு மட்டும்தான், அதைப் பிடித்து வைக்கப் பேட்டரி இல்லை.

"போன் பண்ணீர்லாமே" என்றார் சென்னியப்பன்.

"பதினோரு வருசங் கழிச்சு, எடுத்ததும் காதுக்குள்ளயா போய்ப் பேசறது?"

ஏழாம் நாள் கதிர்வேல் வந்தான். "என்னங்க, புடிச்சுதுங்களா?"

"புடிச்சுது. வாங்கிக்கறோம். கொண்டுபோய் காங்கயத்துல மாட்டீருங்க. அன்னிக்குச் சீர் வெக்காம வந்துட்டேன்."

"அப்ப ஆறரைக்கு உங்களுக்குங்க?"

"விசிறிமட்டை இருக்குது."

கதிர்வேல் படிவத்தில் விலாசத்தை அடித்துத் திருத்தினான். 'ஒரு வாய்' என்பதை 'இரண்டு வாய்' ஆக்கினான்.

மறுநாள் மத்தியானம் மயிலாத்தாளும் ஒரு ஈரத்துணியோடு மாடியேறினாள். முதல் தகட்டை ஓரம்விடாமல் துடைத்தாள். பிறகு அதன் பக்கத்தில் குனிந்து, "ரசஞ்சோத்துக்கு நெய் எதுக்குடி தெய்வானை?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மீதித் தகடுகளை சென்னியப்பன் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காங்கயத்து பஸ்ஸிலிருந்து நாச்சிமுத்துவின் குரலும் தெய்வானையின் குரலும் இறங்கின. கண்டக்டர் இரண்டு முழு டிக்கெட் போட்டிருந்தார்.

"உடம்பு ரெண்டும் அங்க மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருக்குதுங்கக்கா" என்றது தெய்வானையின் குரல்.

"அதுங்க சாவகாசமா வரட்டும். வாசல் நெலவு தலைல தட்டும், குனிஞ்சு வாங்க" என்று மயிலாத்தாள் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். காற்றில் கலைந்துவிடாமல் இருக்க, சென்னியப்பன் ஜன்னலைச் சாத்தினார்.

ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள், ஆள் பெயரைக்கூடச் சொல்லுங்கள். யார் சொன்னதென்று கேட்டால் மட்டும் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லிவிடுங்கள். அதையும் வெயில் சாய்ந்த பிறகு சொல்லுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.